மண்டலங்கள் தீர்மானித்த ஆட்சி: இத்தாலி, 2006

2006ஆம் ஆண்டு ஏப்ரல் 9, 10 ஆகிய இரு நாள்களில் இத்தாலியில் நடைபெற்ற நாடாளுமன்றத் தேர்தல், ஐரோப்பிய மக்களாட்சிகளின் வரலாற்றில் மிகக் குறைந்த வித்தியாசத்தில் முடிந்த தேர்தல்களுள் ஒன்றாகும். ரொமானோ புரோடி தலைமையில், கம்யூனிஸ்டுகள் முதல் கத்தோலிக்க நடுநிலைக் கட்சிகள்வரை பலரையும் ஒன்றுசேர்த்த இடதுசாரிக் கூட்டணி ஒரு பக்கமும், அப்போதைய பிரதமர் சில்வியோ பெர்லுஸ்கோனியின் வலதுசாரிக் கூட்டணி மறுபக்கமும் நின்ற அந்தப் போட்டியில், கீழவைக்காக அளிக்கப்பட்ட ஏறத்தாழ 3.8 கோடி வாக்குகளில் முன்னது 1,90,02,598 வாக்குகளையும் பின்னது 1,89,77,843 வாக்குகளையும் பெற்றன. வித்தியாசம் 24,755 வாக்குகள். இந்த எண்ணைப் பார்த்த உலகப் பத்திரிகைகள் இத்தாலி சரிபாதியாகப் பிளந்துவிட்டதாக எழுதின. ஆனால் அந்தக் கூட்டுத்தொகையை மண்டலவாரியாகப் பிரித்துப் பார்க்கும்போது, நாட்டின் பெரும்பகுதியில் போட்டியே நெருக்கமாக இல்லை என்பதும், நெருக்கம் நிலவிய ஒருசில மண்டலங்களும் நாட்டின் விளிம்பில் வாழ்ந்த சில சிறு மக்கள் தொகுதிகளுமே புரோடி அரசின் ஆயுளைத் தீர்மானித்தன என்பதும் தெளிவாகும்.

இதைப் புரிந்துகொள்ள, இத்தாலிய நாடாளுமன்றத்தின் அமைப்பை முதலில் அறிவது அவசியம். 1948இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு அந்நாட்டு நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் சமமான அதிகாரத்தை அளித்துள்ளது. இந்தியாவில் மக்களவையின் நம்பிக்கை இருந்தால் மட்டுமே அரசு நீடிக்க முடியும், மாநிலங்களவையில் பெரும்பான்மை இல்லாவிட்டாலும் ஆட்சி கவிழாது. இத்தாலியிலோ இரு அவைகளில் ஏதேனும் ஒன்று நம்பிக்கை மறுத்தாலும் பிரதமர் பதவி விலக வேண்டும். அப்போது கீழவையில் 630 உறுப்பினர்களும், மேலவையாகிய செனட்டில் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் 315 உறுப்பினர்களும் இருந்தனர். இவர்களைத் தவிர, முன்னாள் குடியரசுத் தலைவர்களும், நாட்டுக்குப் பெருமை சேர்த்தவர்கள் என்று குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பட்டவர்களுமான வாழ்நாள் செனட்டர்கள் சிலருக்கும் அங்கே வாக்குரிமை உண்டு. கீழவைக்கு 18 வயது நிரம்பியோர் அனைவரும் வாக்களிக்கலாம் என்றிருக்க, செனட்டுக்கு வாக்களிக்க 25 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்ற விதி அக்காலத்தில் இருந்தது. ஆகவே ஒரே நாளில், ஒரே வாக்குச்சாவடியில் நடந்த தேர்தலாயினும், இரு அவைகளையும் தேர்ந்தெடுத்த வாக்காளர் கூட்டம் ஒன்றே அல்ல.

தேர்தலுக்கு நான்கு மாதங்களுக்கு முன், 2005 டிசம்பரில், பெர்லுஸ்கோனி அரசு தேர்தல் சட்டத்தையே மாற்றியமைத்தது. 1993 முதல் நடப்பிலிருந்த முறையில், நான்கில் மூன்று பங்கு இடங்களை நம் நாட்டுத் தொகுதிகளைப்போல அதிக வாக்கு பெற்றவரே வென்றார். எஞ்சியவை கட்சிகளின் வாக்கு விகிதப்படி பகிரப்பட்டன. வடக்கு லீக் கட்சியைச் சேர்ந்த அமைச்சர் ரொபெர்தோ கால்தெரோலியின் பெயரால் வழங்கப்படும் புதிய சட்டம் தனித் தொகுதிகளை ஒழித்து, விகிதாசார முறையைக் கொண்டுவந்தது; அதோடு, அதிக வாக்கு பெறும் கூட்டணிக்கு உறுதியான பெரும்பான்மை கிடைக்கும்படி போனஸ் இடங்களையும் சேர்த்தது. கீழவையில் இந்த போனஸ் நாடு முழுவதற்கும் ஒன்றே: ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றாலும் அந்தக் கூட்டணிக்குக் குறைந்தது 340 இடங்கள். செனட் மண்டல அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 57ஆவது பிரிவு கூறுவதால், அங்கே போனஸ் மண்டலம் மண்டலமாகப் பிரிக்கப்பட்டது. ஒரு மண்டலத்தில் முதலிடம் பெறும் கூட்டணிக்கு அம்மண்டலத்தின் செனட் இடங்களில் குறைந்தது 55 விழுக்காடு உறுதி. இத்தாலியின் 20 மண்டலங்களில் 17இல் இவ்விதி செல்லுபடியாயிற்று. இரண்டே இடங்கள் கொண்ட மொலீசே, ஒரே இடம் கொண்ட ஆவோஸ்டா பள்ளத்தாக்கு, தனி முறையில் வாக்களிக்கும் ட்ரென்டீனோ-ஆல்ட்டோ அடீஜே ஆகிய மூன்றும் விதிவிலக்குகள்.

வாக்காளர் செய்ய வேண்டியது எளிய செயல்தான். கீழவைக்கு இளஞ்சிவப்பும் செனட்டுக்கு மஞ்சளுமாக இரண்டு சீட்டுகள் தரப்பட்டன. அழிக்க முடியாத பென்சிலால் கட்சிச் சின்னத்தின்மேல் ஒரு பெருக்கல் குறி இட வேண்டும். வேட்பாளரின் பெயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாக்காளருக்கு இல்லை. யார் யார் எந்த வரிசையில் அவைக்குச் செல்வார்கள் என்பதைக் கட்சித் தலைமையே பட்டியலிட்டு முடித்திருந்தது. பதிவு செய்யப்பட்ட கீழவை வாக்காளர்களில் 83 விழுக்காட்டுக்கும் மேலானோர் வந்து வாக்களித்தனர். திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும் வெளியான கணிப்புகள் புரோடிக்குத் தெளிவான வெற்றி என்றன. வழக்கப்படி செனட் சீட்டுகள் முதலில் எண்ணப்பட, மண்டலங்களிலிருந்து முடிவுகள் வரத் தொடங்கியபோது கணிப்புகள் பொய்த்தன. மாலைக்குள் பெர்லுஸ்கோனி தரப்பு செனட்டில் முந்துவதாகத் தெரிந்தது. இரவு முழுதும் இழுபறியாக நீடித்த கீழவை எண்ணிக்கையின் இறுதியில், நள்ளிரவு கடந்து வெகுநேரம் ஆனபின் ரோமின் சாந்தி அப்போஸ்தோலி சதுக்கத்தில் புரோடி வெற்றியை அறிவித்தார். பெர்லுஸ்கோனி அதை ஏற்கவில்லை.

அடுத்த சில நாள்களில் தகராறுக்குள்ளான சீட்டுகளின் கணக்கு நாட்டையே உலுக்கியது. வாக்குச்சாவடி முகவர்களின் ஆட்சேபத்தால் ஒதுக்கி வைக்கப்பட்ட சீட்டுகள் கீழவைக்கு மட்டும் 43,028 என்று உள்துறை அமைச்சகம் முதலில் தெரிவித்தது. முன்னிலையைவிட அது பெரிய எண் ஆதலால், ஆட்சி மாறக்கூடும் என்ற பேச்சு எழுந்தது. பின்னர் அது எழுத்துப் பிழை என்றும், உண்மையான எண்ணிக்கை 2,131 மட்டுமே என்றும் அமைச்சகமே திருத்தியது. இதற்கிடையில் கால்தெரோலி வேறொரு வாதத்தை முன்வைத்தார்: லோம்பார்டியின் ஒரு பகுதியில் மட்டும் போட்டியிட்டு ஏறத்தாழ 45,000 வாக்கு பெற்ற ஒரு சிறு உள்ளூர்க் கட்சியின் வாக்குகளை இடதுசாரிக் கூட்டணியின் தேசியக் கணக்கில் சேர்த்தது தவறு என்பதே அது. அவற்றை நீக்கினால் வெற்றி கைமாறியிருக்கும். சட்டத்தை எழுதியவரே முன்வைத்த அந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஏப்ரல் 19 அன்று புரோடியின் முன்னிலையை அது உறுதிசெய்தது. ஒரு மண்டலத்தின் மூலையில் மட்டும் வேர்விட்ட ஒரு குழு 630 பேர் கொண்ட அவையின் பெரும்பான்மையைத் தாங்கி நின்றது என்பது, தேசிய போனஸ் என்ற ஏற்பாட்டின் நொய்ம்மையை எவ்விளக்கத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

மண்டலவாரி முடிவுகளின் வரைபடம், அந்தச் சில வாரப் பிரசாரத்தால் உருவானதன்று. அதன் பின்னால் நூறாண்டு வரலாறு உண்டு. நாட்டின் நடுவே எமிலியா-ரொமாஞா, டஸ்கனி, உம்ப்ரியா, மார்க்கே ஆகிய நான்கு மண்டலங்கள் 'சிவப்புப் பட்டை' என்று வழங்கப்படுகின்றன. குத்தகை வாரத்துக்கு நிலம் உழுத குடும்பங்கள் செறிந்திருந்த இப்பகுதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதலே விவசாயக் கூட்டுறவுகளும் தொழிலாளர் சங்கங்களும் மக்கள் மன்றங்களும் வேரூன்றின. பாசிச ஆட்சி அவற்றை நசுக்கியபோதும், இரண்டாம் உலகப் போரின் இறுதியில் நடந்த விடுதலைப் போராட்டத்தின் வழியே அவை மீண்டெழுந்தன. போருக்குப் பிந்தைய பல பத்தாண்டுகளில் பொலோனியா நகராட்சியைக் கம்யூனிஸ்டுகள் ஆண்ட விதம், அக்கட்சிக்கு நேர்மையான நிர்வாகி என்ற பெயரைத் தேடித் தந்தது. கட்சி 1991இல் கலைந்து பெயர் மாறியபின்னும் அந்தப் பிணைப்பு அறவில்லை. 2006இல் டஸ்கனியின் 18 செனட் இடங்களில் 11ஐ இடதுசாரிகள் வென்றதற்கு போனஸ் காரணமன்று; வாக்கு விகிதமே அதற்குப் போதுமானதாக இருந்தது.

இதற்கு எதிர்முனையில் வடகிழக்கும் லோம்பார்டியும் நின்றன. வெனெட்டோவில் திருச்சபையின் பங்கு மன்றங்களும் கத்தோலிக்க ஊரகக் கடன் சங்கங்களும் சமூகத்தைக் கட்டியெழுப்பியதால், கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி அங்கே நெடுங்காலம் அசைக்க முடியாததாக இருந்தது. 1990களின் தொடக்கத்தில் ஊழல் விசாரணைகளால் அக்கட்சி சிதைந்தபோது, அதன் வாக்குகளில் பெரும்பகுதி வடக்கு லீக்கிடமும் பெர்லுஸ்கோனியின் ஃபோர்சா இத்தாலியாவிடமும் சேர்ந்தது. சிறு தொழிற்கூடங்களை நடத்தும் குடும்பங்கள் மலிந்த ஆல்ப்ஸ் அடிவாரத்தில், ரோமிலிருந்து விதிக்கப்படும் வரிமீதும் அதிகாரிகள்மீதும் இருந்த கசப்பே அரசியல் மொழியாக மாறியது. லோம்பார்டி பெர்லுஸ்கோனியின் சொந்த மண்டலம். அப்போது அவர் வசமிருந்த தொலைக்காட்சி நிறுவனமும் கால்பந்து அணியும் மிலானைச் சார்ந்தவை. அங்குள்ள 47 செனட் இடங்களில் 27ஐ வலதுசாரிகள் பெற்றனர். 26 இடங்கள் போனஸாலேயே உறுதியாயிருந்த நிலையில், வாக்கு அதையும் தாண்டியது.

தெற்கு இத்தாலியை ஒரே நிறத்தில் தீட்ட இயலாது. 2001 தேர்தலில் சிசிலியின் 61 தனித் தொகுதிகளையும் ஒன்றுவிடாமல் வலதுசாரிக் கூட்டணி வென்றிருந்தது. 2006இலும் அத்தீவு அவர்களிடமே நின்றது. பூல்யாவும் அவ்வழியே சென்றது. ஆனால் கலாப்ரியா, பாசிலிகாட்டா, அப்ரூட்சோ, சார்டினியா ஆகியவை புரோடி பக்கம் சாய்ந்தன. தெற்கில் கட்சியைவிட ஆள், ஆளைவிட அவர் கைவசமுள்ள வேலைவாய்ப்பும் ஒப்பந்தங்களும் என்ற நிலை நெடுங்காலமாக இருந்துவந்ததால், ஒரு செல்வாக்கான உள்ளூர்த் தலைவர் கூட்டணி மாறினால் மண்டலமே மாறுவது அங்கே புதிதன்று. இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 2005இல் நடந்த மண்டல ஆட்சிமன்றத் தேர்தல்களில் 14 மண்டலங்களுள் லோம்பார்டி, வெனெட்டோ தவிர 12ஐயும் இடதுசாரிகள் வென்றிருந்தனர். ஓராண்டுக்குள் பியெட்மான்ட், லாட்சியோ, பூல்யா ஆகியன செனட் வாக்கில் மீண்டும் வலப்பக்கம் திரும்பிவிட்டன. பிரசாரத்தின் கடைசி வாரங்களில் வீட்டு வரியை ரத்துசெய்வதாக பெர்லுஸ்கோனி அளித்த வாக்குறுதி, தயங்கி நின்ற நடுத்தர வாக்காளர்களை ஈர்த்தது என்பது பலரும் ஒப்பும் கருத்து.

போனஸ் எங்கே வேலை செய்தது என்பதே இத்தேர்தலின் உள்முடிச்சு. டஸ்கனியிலும் லோம்பார்டியிலும் வென்ற அணி 55 விழுக்காட்டைத் தன் வாக்காலேயே தாண்டிவிட்டதால், அங்கே போனஸ் கிடைத்தும் ஒன்றுதான், கிடைக்காவிட்டாலும் ஒன்றுதான். இரு அணிகளும் ஏறத்தாழச் சமமாக நின்ற மண்டலங்களிலோ அது முடிவையே புரட்டியது. 22 இடங்கள் கொண்ட பியெட்மான்டில் விகிதப்படி 11-11 என்று பிரிந்திருக்க வேண்டியது, சிறிய முன்னிலையின் காரணமாக வலதுசாரிகளுக்கு 13-9 ஆயிற்று. தலைநகர் ரோமை உள்ளடக்கிய லாட்சியோவில் 27 இடங்கள் அதேபோல 15-12 என அவர்கள் பக்கம் பிரிந்தன. நேப்பிள்ஸைத் தலைநகராகக் கொண்ட காம்பானியாவிலோ ஒரு விழுக்காட்டுக்கும் குறைந்த முன்னிலையில் 30 இடங்களில் 17ஐ இடதுசாரிகள் பெற்றனர். பியெட்மான்ட் மட்டும் கைமாறியிருந்தால் உள்நாட்டுச் செனட் இடங்கள் 158-151 எனப் புரோடிக்குச் சாதகமாக அமைந்திருக்கும். காம்பானியா மட்டும் கைமாறியிருந்தால் 150-159 என அவர் தோற்றிருப்பார். பியெட்மான்டின் டூரின் நகரத்துப் புறநகர் ஒன்றில் அளிக்கப்பட்ட வாக்குக்கு இருந்த எடை, பொலோனியாவில் அளிக்கப்பட்ட வாக்குக்கு இல்லை. வாக்காளர்கள் அனைவரும் சமம் என்ற மக்களாட்சியின் அடிப்படையை இந்த ஏற்பாடு சிதைத்தது என்று சொல்வதில் தயக்கம் வேண்டியதில்லை.

மொத்தக் கணக்கு இவ்வாறு அமைந்தது. வலதுசாரிகள் முதலிடம் பெற்ற ஏழு மண்டலங்களில் இருந்த 174 இடங்களில் அவர்களுக்கு 100, எதிரணிக்கு 74. இடதுசாரிகள் முதலிடம் பெற்ற பத்து மண்டலங்களில் இருந்த 125 இடங்களில் அவர்களுக்கு 73, எதிரணிக்கு 52. மொலீசே ஆளுக்கொன்று. இத்தனையையும் கூட்டினால் வலதுசாரிகள் 153, இடதுசாரிகள் 148. செனட்டுக்காக நாட்டுக்குள் அளிக்கப்பட்ட வாக்குகளிலும் வலதுசாரிகளே முன்னணியில் இருந்தனர், ஏறத்தாழ 50.2 விழுக்காடு அவர்களுடையது. கீழவையில் பின்தங்கிய அணி மேலவையில் முந்தியதற்கு, 18 முதல் 24 வயதுவரையிலான இளைஞர்கள் மேலவைக்கு வாக்களிக்க இயலாமல் போனதும் ஒரு காரணம் எனலாம்.

இடதுசாரிகளின் இந்த ஐந்து இடப் பின்னடைவில் பெரும்பகுதியைத் தீர்த்தவர்கள் நாட்டின் எல்லைகளில் வாழ்வோர். ட்ரென்டீனோ-ஆல்ட்டோ அடீஜேயின் வடபாதி, முதல் உலகப் போருக்குப்பின் 1919 உடன்படிக்கையால் ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்கு வந்த தென் டைரோல். அங்கே பெரும்பான்மையினர் ஜெர்மன் பேசுபவர்கள். முசோலினி காலத்தில் அவர்களுடைய பள்ளிகள் மூடப்பட்டன, ஊர்ப்பெயர்கள் மாற்றப்பட்டன. போருக்குப்பின் நீண்ட போராட்டத்தின் பயனாக 1972இல் விரிவான தன்னாட்சி கிடைத்தது. அவர்களுடைய தென் டைரோல் மக்கள் கட்சி, தன்னாட்சியை மதிக்கும் அணியோடு இணங்கிப்போவதைக் கொள்கையாகவே கொண்டது. வடக்கு லீக்கும் பாசிச மரபிலிருந்து வந்த கட்சியும் இருந்த வலதுசாரிக் கூட்டணியைவிடப் புரோடியின் அணியே அதற்கு உகந்ததாயிற்று. மண்டலத்தின் ஏழு இடங்களில் ஐந்து இடதுசாரி அணிக்குச் சென்றன. பிரெஞ்சு மரபுடைய ஆவோஸ்டா பள்ளத்தாக்கின் ஒற்றை இடமும் அப்பக்கமே சேர்ந்தது. இப்போது கணக்கு 155-154. இன்னும் ஓர் இடம் குறை.

மீதியை வெளிநாட்டில் வாழும் இத்தாலியர்கள் நிரப்பினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும், பிற்காலத்தில் ஜெர்மனி, பெல்ஜியம், சுவிட்சர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகியவற்றுக்கும் பிழைப்புத் தேடிச் சென்ற இலட்சக்கணக்கானோரின் குடியுரிமை பெற்ற வழித்தோன்றல்களுக்குத் தபால் வாக்குரிமை வேண்டும் என்று பல பத்தாண்டுகள் போராடியவர் மீர்கோ ட்ரெமாலியா. அவர் வலதுசாரிக் கட்சிக்காரர்; பெர்லுஸ்கோனி அரசில் வெளிநாடு வாழ் இத்தாலியர்களுக்கான அமைச்சர். அவருடைய முயற்சியால் 2001இல் நிறைவேறிய சட்டம், உலகை நான்கு பிரிவுகளாக வகுத்துக் கீழவையில் 12, செனட்டில் 6 இடங்களை அவர்களுக்கு ஒதுக்கியது. பொதுத்தேர்தலில் அது முதன்முறையாகச் செயலுக்கு வந்தது 2006இல்தான். இடதுசாரிகள் வெளிநாடுகளில் ஒரே பட்டியலாக நின்றனர். வலதுசாரிக் கட்சிகளோ தனித்தனியே நின்று வாக்கைச் சிதறடித்தன. ஆறு செனட் இடங்களில் நான்கு புரோடி அணிக்கும், ஒன்று எதிரணிக்கும், ஒன்று புவனோஸ் ஐரிஸிலிருந்து சுயேச்சையாக நின்ற தொழிலதிபர் லூயிஜி பல்லாரோவுக்கும் கிடைத்தன. இறுதி நிலவரம் 158-156-1. ட்ரெமாலியாவின் வாழ்நாள் உழைப்பு அவரது சொந்த அரசை வீழ்த்துவதில் முடிந்தது என்றாலும், வேலையில்லாமல் தாய்நாட்டைவிட்டுப் போக நேர்ந்தவர்களுக்கு அதன் ஆட்சியில் ஒரு குரல் கிடைத்தது நியாயமே.

கீழவையில் 348 உறுப்பினர்களோடு வசதியாக அமர்ந்த புரோடி, செனட்டில் ஒவ்வொரு வாக்கெடுப்பையும் அச்சத்தோடு எதிர்கொண்டார். 2006 மே மாதம் அங்கே நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் வாழ்நாள் செனட்டர்களின் ஆதரவோடு 165-155 என அவர் வென்றார். அவர்களுள் ஒருவரும், நரம்பியல் ஆய்வுக்காக 1986இல் நோபல் பரிசு பெற்றவருமான ரீத்தா லேவி-மொந்தால்சீனி, 97 வயதிலும் முக்கிய வாக்கெடுப்புகளுக்குத் தவறாமல் வந்து அமர்ந்தார். அதற்காக எதிரணியினரின் கேலியையும் தாங்கினார். 2007 பிப்ரவரி 21 அன்று வெளியுறவுக் கொள்கை பற்றிய தீர்மானத்துக்கு 158 பேர் ஆதரவளிக்க, 136 பேர் எதிர்க்க, 24 பேர் நடுநிலை வகித்தனர். கேட்பவருக்கு இது வெற்றியாகவே தோன்றும். ஆனால் அக்காலச் செனட் விதிப்படி நடுநிலை வகிப்போரும் வருகைக் கணக்கில் சேர்வதால், தேவைப்பட்டது 160. இரண்டு வாக்கு குறைந்ததால் புரோடி பதவி விலகினார். குடியரசுத் தலைவர் ஜோர்ஜோ நாப்போலித்தானோ அவரை மீண்டும் அவைக்கே அனுப்ப, 162-157 என நம்பிக்கை பெற்று அவர் ஆட்சியைத் தொடர்ந்தார்.

முடிவு காம்பானியாவிலிருந்து வந்தது. அம்மண்டலத்தின் பெனவெண்டோ வட்டாரத்தைத் தம் செல்வாக்குக் களமாகக் கொண்ட கிளெமென்தே மஸ்தெல்லா, புரோடி அரசின் நீதித்துறை அமைச்சர். அவருடைய சிறு கட்சியின் வாக்குகள் இல்லாமல் 2006இல் காம்பானியா கைகூடியிருக்காது. 2008 ஜனவரியில் பதவி விலகிய அவர், கட்சியின் ஆதரவையும் விலக்கிக்கொண்டார். மூன்றே செனட்டர்கள் கொண்ட கட்சி. ஜனவரி 24 அன்று செனட்டில் 156-161 என்ற கணக்கில் புரோடி அரசு வீழ்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் நடந்த தேர்தலில் பெர்லுஸ்கோனி மீண்டும் பிரதமரானார்.

சட்டம் அதன்பின்னும் மாறவில்லை. 2013இல் இடதுசாரிக் கூட்டணி கீழவை வாக்கில் 29.55 விழுக்காடு பெற்று, 29.18 விழுக்காடு பெற்ற பெர்லுஸ்கோனி அணியைவிடச் சற்று முந்தியதால் அங்கே தெளிவான பெரும்பான்மை பெற்றது. செனட்டிலோ லோம்பார்டி, வெனெட்டோ, காம்பானியா, பூல்யா, சிசிலி ஆகியவை எதிரணிக்குப் போனதால் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல், பகைவர்களே கூடி அரசமைக்க வேண்டியதாயிற்று. 2014 ஜனவரியில் வெளியான தீர்ப்பில் அரசியலமைப்பு நீதிமன்றம் இரு அவைகளின் போனஸ்களையும் செல்லாதவை என்று நீக்கியது. குறைந்தபட்ச வாக்கு வரம்பு ஏதுமின்றி போனஸ் அளிப்பது வாக்குரிமையின் சமத்துவத்தைக் குலைப்பதாகவும், செனட்டில் மண்டல போனஸ்களைக் கூட்டும்போது நாடு முழுவதிலும் பெறப்பட்ட தீர்ப்பே தலைகீழாகக்கூடும் என்றும் அது சுட்டிக்காட்டியது. 2017இல் இயற்றப்பட்ட இன்னொரு சட்டம், போனஸ் இல்லாமல், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடங்களைத் தனித் தொகுதிகளுக்கும் மற்றவற்றை விகிதாசாரத்துக்கும் ஒதுக்கியது. 2021இல் செனட் வாக்குரிமை வயது 18ஆகக் குறைக்கப்பட்டது. 2020 செப்டம்பர் வாக்கெடுப்பில் மக்கள் ஒப்பியபடி, 2022 தேர்தல் முதல் கீழவைக்கு 400 பேரும் செனட்டுக்கு 200 பேருமே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். வெளிநாடு வாழ் இத்தாலியர்களுக்கான செனட் இடங்கள் ஆறிலிருந்து நான்காகின. செனட் மண்டல அடிப்படையில் அமைய வேண்டும் என்ற 57ஆவது பிரிவின் விதி மட்டும் அப்படியே நீடிக்கிறது.